விரல் நுனி அளவு கிறீஸ்

இப்போது கிளச் செட் வாங்கினால் பிளேட், பெயாரிங் எல்லாவற்றோடும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பைக்கற் கிறீஸும் பெட்டிக்குள் கிடக்கிறது. போன மாதம் கல்முனையில் ஒரு கராஜுக்குத் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். வேனின் கியர் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு வேலை செய்த தம்பி அந்தப் பைக்கற்றைப் பல்லால் கடித்துத் திறந்து, கிளச் பிளேட் ஏறுகிற பல் வெட்டிய ஷாப்டில் முழுவதையும் பிதுக்கினார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "பெட்டியோட வந்த சாமான் காக்கா, மிச்சம் வெச்சி என்ன செய்ற?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார். பழைய துணி ஒன்றை எடுத்து நானே துடைக்கத் தொடங்கிவிட்டேன். வேலையை விட்டுப் போனவன் வந்து வேலையில் கை வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? தம்பியின் முகம் சுண்டிப் போனது. நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே கராஜ் வேலை பழகுகிற உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கிளச் பூட்டுவது எப்படி என்று காட்ட உங்கள் கைத்தொலைபேசியிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு நான் வேண்டாம். நான் சொல்லப் போவது என்னால் ஒரு மனிதன் தலைகுனிந்த கதை. அவர் பெயர் அந்தோனி.

முதலில் நானும் ஒரு காலத்தில் ஏன் அளவுக்கு மேல் கிறீஸ் பூசினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் காற்றே உப்பு. அதற்கு மேல், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஒரு வருடமாக நான் செய்ததெல்லாம் உப்பில் ஊறிய இயந்திரங்களைத் திறக்கிற வேலைதான். மோட்டார் சைக்கிள், வேன், நெல் குத்தும் மில்லின் மோட்டார் எல்லாம் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக் கிடந்தன. சிலவற்றைக் கொண்டுவந்து தந்தவர்களின் வீட்டில் அதை ஓட்டியவர் உயிரோடு இல்லை. நட்டைக் கழற்ற முடியாமல் நான் சம்மட்டியால் அடித்தால் அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். அந்த வருடத்தில் எனக்குத் துருவின் மேல் ஒரு பயம் வந்தது. திறந்த எதையும் கிறீஸால் மூடாமல் பூட்டாதவன் ஆகிவிட்டேன். கராஜில் என்னோடு வேலை செய்தவர்கள், நான் பழுது பார்த்த சாமானை வீட்டுக்குக் கொண்டுபோனால் பூனை நக்கும் என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அது நடந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் அந்தோனியின் உழவு மெசின், அந்த டிராக்டர், வந்தது. மெசின் அவருடையதல்ல. சாய்ந்தமருதில் கரைவலை வைத்திருந்த ஒரு ஹாஜியாருடையது. வயல் காலத்தில் அது சம்மாந்துறைப் பக்கம் உழும், நெல் மூட்டை இழுக்கும். மற்ற நாட்களில் கடற்கரையில் ஹாஜியாரின் பெரிய தோணியை மணலில் ஏற்றி இறக்கும். அந்தோனி அதன் டிரைவர். சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் மெசினின் சத்தத்தில் சின்ன மாற்றம் இருந்தாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

கியர் போடும்போது கறகறவென்று கத்துகிறது என்றுதான் கொண்டுவந்தார். மெசினை நடுவால் இரண்டாகப் பிரித்தோம். காரணம் உடனே தெரிந்தது. கடல் தண்ணீருக்குள் இறங்கி ஏறி, பல் வெட்டிய ஷாப்டில் துரு ஏறியிருந்தது. பிளேட் அதன் மேல் முன்னும் பின்னும் வழுக்கிப் போக வேண்டும். போகாமல் பிடித்துக்கொண்டு நின்றது. புதுப் பிளேட், புதுப் பெயாரிங் போட்டேன். துருவைச் சுரண்டி எடுத்தேன். பிறகு டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு அள்ளி, ஷாப்டில் வழியவிட்டேன். இனி இந்த இடத்தில் என் ஆயுளுக்கும் துரு வராது என்று மனதுக்குள் ஒரு பெருமை.

அந்தோனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கூடிப்போச்சு போல கிடக்கு பாஸ்" என்றார், மெதுவாக.

"நீ ஓட்டுற வேலையப் பாரு அந்தோனி. பூட்டுற வேலைய நான் பாக்கன்" என்றேன்.

அவர் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். உங்களுக்குத் தெரியும், கிளச் பிளேட் காய்ந்த நிலையில்தான் பிடிக்கும். ஷாப்டில் கூடிப்போன கிறீஸ், மெசின் சூடாகிச் சுழலும்போது அங்கேயே இருக்காது. இளகிப் பறந்து போய்ப் பிளேட்டில் விழும். முதல் நாள் தெரியாது, இரண்டாம் நாள் தெரியாது. பாரம் இழுக்கிற நாளில்தான் தெரியும். இது எனக்கும் அன்றைக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைப் பயம் மூடிவிட்டது.

நான்கு நாள் மெசின் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பகலில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. எல்லாம் மணலில் கிடக்கும். ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார்கள். அந்த நேரம் ஹாஜியாரின் கடற்கரை வாடிக் குடிலையும் வலையையும் தோணியையும் பார்த்துக்கொள்வது அந்தோனிதான். பல வருடமாக அப்படியே நடந்தது. அவர் வேதக்காரர் என்பதால் எங்கள் ஊருக்குக் கிடைத்த வசதி என்று ஹாஜியாரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அது மாரி தொடங்கும் காலம். காலையில் சும்மா கிடந்த கடல், குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது ஏறத் தொடங்கியிருக்கிறது. தொழுகை முடிந்து நாங்கள் எழும்பவும், வாசலில் யாரோ ஓடி வந்து சொல்லவும், பள்ளி ஒலிபெருக்கியில் தோணி இழுக்க ஆட்களைக் கேட்டு அறிவிப்பு வந்தது. வெள்ளைச் சாரனோடும் தொப்பியோடும் அப்படியே கடற்கரைக்கு ஓடினோம். நாற்பது பேர் இருப்போம்.

அந்தோனி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தோணியின் அடியில் உருளைக் கட்டைகளைத் தள்ளி, கயிற்றை மெசினில் கட்டி, தனியாகவே இழுக்கத் தொடங்கியிருந்தார். தோணி பாதி ஏறி நின்றது. மெசின் கத்துகிறது, ஆனால் நகரவில்லை. அடியிலிருந்து புகை வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் தோணியின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் பக்கவாட்டில் விழுந்தது. நாங்கள் போய்ச் சேரும்போதே ஒரு பலகை வெடிக்கிற சத்தம் கேட்டது.

ஹாஜியார் இன்னும் வேகம் கொடுக்கச் சொல்லிக் கத்தினார். அந்தோனி கொடுத்தார். புகைதான் கூடியது. கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்தேன். மெசின் ஒரு தரம் பிடித்து மறுபடி வழுக்கினால் தோணி பின்னால் சரியும். அதன் பின்னால் ஏற்கனவே பதினைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் தோள் கொடுத்து நின்றார்கள். நான் மெசினில் ஏறி இஞ்சினை நிறுத்தினேன். ஹாஜியார் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தேன். இரண்டு பேர் கட்டைகளை முன்னுக்கு எடுத்துப் போட, யாரோ ஒரு முதியவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து பாடி இழுத்தோம். தோணி ஏறியது. பக்கப் பலகை ஒன்று பிளந்திருந்தது, மற்றபடி தப்பியது. அவசரத்தில் முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்து என்று உங்களுக்குச் சொல்வேன். அந்த நாளில் நான் செய்த ஒரே சரியான வேலை அதுதான்.

ஏனென்றால் இஞ்சினை நிறுத்தக் குனிந்தபோதே எனக்கு மணம் வந்துவிட்டது. பெடலில் கால் வைத்து வைத்து எரிந்த கிளச்சுக்கு ஒரு காய்ந்த மணம் இருக்கிறது. கடதாசி எரிவது போலத் தொண்டையை அடிக்கும். இது அதுவல்ல. பழைய எண்ணெய்ச் சட்டி அடுப்பில் கருகுகிற மணம். கிறீஸ் எரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தோனி சொன்னதும் நான் சொன்ன பதிலும் அந்த இடத்திலேயே காதுக்குள் கேட்டன.

ஹாஜியார் பிளந்த பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்தோனியிடம் போனார். "புதுக் கிளச் போட்டு ஒரு கிழம ஆகல்ல. கால அதிலேயே வெச்சிக்கிட்டு ஓட்டினா எரியாம என்ன செய்யும்? இவ்வளவு காலம் ஓட்டி இதுதானா படிச்ச?" என்றார். நாற்பது பேரும் நனைந்த உடுப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நாளையில இருந்து வர வேணாம். திறப்பத் தா" என்று கையை நீட்டினார்.

அந்தோனி மெசினின் சாவியைக் கழற்றினார். கொடுப்பதற்கு முன் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாக அல்ல. நான் ஏதோ சொல்லப் போகிறேன், அதற்கு இடம் விடுகிறேன் என்பது போல. நான் சாரனைப் பிழிந்துகொண்டு நின்றேன். திறப்பு கை மாறியது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் பேசவில்லை என்று நான் உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் என்னிடம் வாகனம் கொண்டுவருகிறவர்கள். பிழை விடாத பாஸ் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் அவ்வளவு விரும்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்போதுதான் தொழுதுவிட்டு வந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் மெசினை இழுத்துக்கொண்டு வந்து கராஜில் விட்டார்கள். மற்றவர்களைப் பகல் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் கடைசி போல்ட்டைக் கழற்றினேன். உள்பக்கம் முழுவதும் கிறீஸ் சிதறியிருந்தது. பிளேட்டின் இரண்டு பக்கமும், ரொட்டிக் கல்லில் மாஜரின் தடவியது போல மினுங்கி, நடுவில் கருகியிருந்தது. அந்த நேரம் ஹாஜியாரின் தொலைபேசி அழைப்பு வந்தது. என்ன ஏது என்று கேட்கவில்லை. "டிரைவர்ட பிழைதானே பாஸ்?" என்றார்.

ஓம், அவர் பிழைதான் என்று ஒரு சொல் போதும். பெற்றோல் ஊற்றிக் கழுவினால் கால் மணித்தியாலத்தில் ஒரு அடையாளமும் இருக்காது. ஹாஜியாருக்குக் கிளச் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தோனியும் சொல்லப் போவதில்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. தம்பிமாரே, இந்தத் தொழிலில் நாம் திறந்து பார்ப்பதை வேறு யாரும் பார்ப்பதில்லை. நாம் சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடுகிறது. அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று எனக்கு உறைத்தது.

"வந்து பாருங்க ஹாஜியார். நான் ஒண்டையும் கழுவல்ல" என்றேன்.

வந்தார். பிளேட்டை அவர் கையில் கொடுத்தேன். அவருடைய விரல்களிலும் கிறீஸ் ஒட்டியது. இது என் வேலை, அந்தோனி அன்றைக்கே எச்சரித்தார், நான் அதட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலைத் துடைத்தார். பலகையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. "நேத்து ஏன் வாயத் திறக்கல்ல?" என்று மட்டும் கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். "நானும் நேத்து யோசிக்காமப் பேசிட்டன். போய் அவரக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரம் கணக்குப் பார்த்து, வயல் வெளிக்குள்ளால் சொறிக்கல்முனைக்குப் போனேன். அந்தோனி கோயிலுக்குப் போன சட்டையைக்கூட மாற்றாமல் வேலியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். பிறகு பிளேன்டீ வந்தது, அவர் வரவில்லை. நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கடற்கரையில் நீங்களே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். அது எவ்வளவு மோசமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "நான் சொன்னா, தப்புறத்துக்கு மெக்கானிக்ல பழி போடுறான் எண்டுவாங்க. உங்கட வாயால வந்தாத்தான் நிக்கும். அதுக்குத்தான் பாத்துக்கிட்டு நிண்டன்."

ஹாஜியார் வீட்டுக்கு வாருங்கள், திறப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "வீட்டில வேணாம் பாஸ். எடுத்த இடத்திலயே தரச் சொல்லுங்க."

எனக்குப் புரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடற்கரைக்குப் போனோம். போன வாரம் நின்றவர்களில் அநேகம் பேர் வந்திருந்தார்கள். ஹாஜியார்தான் கூப்பிட்டிருந்தார். அந்தோனி பிளந்த தோணிக்குப் பக்கத்தில் நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அதற்கு முன் பேசியதே இல்லை. "அந்தோனி ஒரு பிழையும் செய்யல்ல. கிறீஸக் கூடப் பூசின நான். கூடிட்டு எண்டு அவர் சொன்னவர், நான்தான் கேக்கல்ல. போன கிழம இதில நிண்டு அதச் சொல்லாம இருந்ததும் நான்தான்" என்றேன். ஹாஜியார் திறப்பை அந்தோனியின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது வலைக்காரர் ஒருவர், தங்கள் தோணியின் அடியிலும் என்னைக் கிறீஸ் பூசச் சொன்னார், இழுக்காமலே ஏறுமாம். கடற்கரையே சிரித்தது. அந்தோனியும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் என் கராஜுக்கு வரவேயில்லை. பள்ளியில் கண்டால் ஸலாம் சொல்வார்கள், அவ்வளவுதான். அது அவர்கள் உரிமை.

மறுநாள் அந்தோனி கராஜுக்கு வந்தார். மெசின் இன்னும் இரண்டாகத்தான் நின்றது. அவர் வரும்வரை நான் பூட்டவில்லை. ஒரு வெற்று எண்ணெய் டின்னைக் கவிழ்த்து எனக்கு நேரே உட்கார்ந்தார். நான் ஷாப்டைத் துடைத்து, மெல்லிசாகப் பூசி, புதுப் பிளேட்டை ஏற்றி முன்னும் பின்னும் இரண்டு தரம் ஓட்டி, பிதுங்கி வந்ததை எல்லாம் துடைத்து எடுத்தேன். பெயாரிங் ஓடுகிற இடத்துக்குக் கொஞ்சம் எடுத்தேன்.

"விரலக் காட்டுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காட்டினேன். நகத்தின் பாதிகூட மூடாத அளவு கிறீஸ் இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இனி மூடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அந்தோனி இல்லாத நாளிலும், கிளச் வேலை என்றால் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்கு விரலைக் காட்டாமல் நான் மூடியதில்லை. வாகனக்காரர்கள் எதற்கு என்று தெரியாமலே தலையாட்டுவார்கள். சிலர் பயந்துபோய் என்ன காயமா என்று கேட்டிருக்கிறார்கள். காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், தம்பிமாரே. கூடிப்போச்சு என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் கையை நிறுத்துங்கள். கல்முனைத் தம்பி, அடுத்த தரம் நான் வந்தால் துணியைத் தொடமாட்டேன். விரலைக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நான் கடைசியாகச் செய்ததும் ஒரு கிளச்தான். அந்தோனி பிற்காலத்தில் சொந்தமாக வாங்கிய மெசின். இப்போது அவர் மகன் ஓட்டுகிறார். நான் வேலையை விடப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, மகனைக் கொண்டு அதை அனுப்பி, அந்தோனி தானும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. கதிரை இருந்தும் வேண்டாமென்று எண்ணெய் டின்னைத்தான் கேட்டார். கடற்கரையைப் பற்றிப் பேசினோம், ஹாஜியார் மௌத்தாகி அடக்கம் நடந்ததைப் பற்றிப் பேசினோம். பேச்சோடு பேச்சாகப் பூசித் துடைத்து முடித்தேன். பழக்கத்தில் விரலை நீட்டினேன். பிறகுதான் அவருக்குக் கண் தெரியாதே என்று ஞாபகம் வந்து கையை இழுக்கப் போனேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். தன் பெருவிரலால் என் விரல் நுனியை மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஒரு தரம், மறுகா இன்னொரு தரம்.

"இவ்வளவு காணும் பாஸ்" என்றார். "மூடுங்க."

மூடினேன். அதற்குப் பிறகு நான் ஒன்றையும் திறக்கவில்லை.